கடலூர்ல பேக்கேஜ் கான்ட்ராக்ட்டுக்கு விட்டு வீடு கட்டினோம், 5க்கு 1.5 தான் கொடுப்பேன்

செம்மண்டலம் தாண்டி எங்க சொந்த மனையில 1100 சதுர அடி, கீழ்த்தளம் மட்டும், சதுர அடி 2350 ரூபாய்னு பேசி, மெட்டீரியல் லேபர் எல்லாம் சேர்த்து பேக்கேஜா ஒரு கட்டுமான ஆஃபீஸ்கிட்ட கொடுத்தோம். மொத்தம் 25 லட்சத்து 85 ஆயிரம். 2024 தை மாசம் பூஜை போட்டு ஆவணியில கிரகப்பிரவேசம். எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, சைட்ட பார்த்துகிட்டது நானும் எங்க மாமனாரும்தான். ஆஃபீஸ் பேரு போடல, கணக்கு வழக்கு இன்னும் முழுசா முடியல. ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதறேன், ஏன்னா இப்ப கடலூர், பாண்டி ரெண்டு பக்கமும் இதே மாதிரி பேக்கேஜ்ல கொடுக்கறவங்கதான் அதிகம், எல்லாரும் சதுர அடி ரேட்டத்தான் கேக்குறாங்க, வேலைய கேக்குறதில்ல.

முதல்லயே சொல்லிடறேன், வீட்ட பார்க்க வர்றவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. முன்பக்க எலிவேஷன், தேக்கு வாசக்கால், ஹால் சீலிங், பெயிண்ட் எல்லாம் அழகா பண்ணியிருக்காங்க. கெட்டுப்போனது பூரா மூடற வேலை. காங்கிரீட்டுக்கு உள்ள போறது, பூச்சுக்கு உள்ள போறது, டைல்ஸுக்கு அடியில போறது. எத கேட்டாலும் சைட் இன்ஜினியர் தம்பி சொல்ற ஒரே பதில் "பூசிட்டா தெரியாது மேடம்". அந்த வார்த்தை கேட்டாலே இப்பவும் எனக்கு கோபம் வருது.

ரூஃப் விஷயம்தான் பெருசு, அதனால அத விவரமா சொல்றேன். சித்திரையில ரூஃப், மறுநாள் காலையில காங்கிரீட்டுன்னு சொல்லி கம்பி கட்டி முடிச்சிட்டாங்க. எதிர் மனையில வேற வீடு நடந்துகிட்டு இருந்துச்சு, அங்க நெல்லிக்குப்பத்துல இருந்து வர்ற ஒரு வயசான மேஸ்திரி, நம்ம சைட்டுக்கு தண்ணி குடிக்க வந்தவரு, மேல ஏறி பார்த்துட்டு கீழ வந்து என்கிட்ட மெதுவா "ஏம்மா, கம்பி பலகை மேலயே படுத்திருக்கு, அடியில ஒண்ணும் வைக்கலயே, அப்படியே கொட்டினா கம்பி வெளியில தெரியுமே, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத தாயி, ஒரே தொழில்ல இருக்கோம்" அப்படின்னாரு. அந்த மனுஷன் அன்னிக்கு வாய தொறக்கலன்னா இந்த வீடு பத்து பதினஞ்சு வருஷத்துல சீலிங் கொட்டியிருக்கும்.

கம்பிக்கும் சென்டரிங் பலகைக்கும் நடுவுல கவர் பிளாக்னு சின்ன காங்கிரீட் கட்டிங்கள வைக்கணும், அப்பதான் கம்பிய சுத்தி காங்கிரீட் மூடும். காங்கிரீட் வேலைக்கான இந்திய தரவிதி ஐ.எஸ். 456 படி சாதாரண இடத்துல ரூஃபுக்கு 20 எம்எம் கவர் போதும், அதாவது கம்பிக்கு வெளிய அவ்வளவு காங்கிரீட் இருக்கணும், கடலோரத்துல உப்புக்காத்து படற அளவ பொறுத்து 30, 45ன்னு கேக்குது. கவர் இல்லன்னா உப்பும் ஈரமும் கம்பிய தொட்டு துரு ஏறும், துரு ஏறின கம்பி பருத்துக்கும், பருத்தா கீழ இருக்கற காங்கிரீட்ட தள்ளி ஒடைக்கும். தேவனாம்பட்டினம் பக்கம், முதுநகர் பக்கம் பழைய கட்டடங்கள்ல சீலிங் பேந்து கம்பி சிவப்பா தெரியறத பார்த்திருப்பீங்க, காரணம் இதுதான்.

நான் கேட்டதுக்கு "கொட்டும்போது கம்பிய தூக்கி விட்டுடுவோம் மேடம்"னு சொன்னாங்க. மேல நாலு பேர் பூட்ஸ் காலோட மிதிச்சுகிட்டு இருக்கும்போது எந்த கம்பி தூக்கின இடத்துல நிக்கும்? அப்புறம் உடைஞ்ச ஜல்லிய எடுத்து அங்கங்க சொருக ஆரம்பிச்சாங்க. கவர் பிளாக் வர்ற வரைக்கும் மிக்சர் ஓடக்கூடாதுன்னு நான் ஒரே பிடியா நின்னேன், "சார் வரட்டும், சார்கிட்ட பேசிக்கறோம்"னு எங்க வீட்டுக்காரர சொன்னாங்க, பணம் போறது என் அக்கவுண்ட்ல இருந்து, என்கிட்டயே பேசுங்கன்னு சொல்லிட்டேன். ஹார்டுவேர் கடையில 30 எம்எம் பிளாக் மூட்டையா கிடைக்குது, வீட்டு செலவுல அது ஒரு காசே இல்ல. அந்த சின்ன சாமானுக்கு போய் இவ்வளவு பிடிவாதம் பண்ணாங்க.

அதே வாரம் தண்ணி பிரச்சனையும் வந்துச்சு. நம்ம மனை போர் தண்ணி லேசா கரிக்கும், அதுலயே காங்கிரீட் கலக்க பார்த்தாங்க. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. மாமனார் ஒரு பாட்டில்ல பிடிச்சுகிட்டு போய் டெஸ்ட் கொடுத்தாரு, 900 தாண்டி வந்துச்சு. ரிப்போர்ட்ட கையில கொடுத்தப்புறம்தான் லாரி தண்ணி இறக்கினாங்க, அதுவும் காங்கிரீட்டுக்கு மட்டும். கடலோரத்துல கட்டறவங்க போர் போட்ட உடனே இந்த டெஸ்ட்ட எடுத்துடுங்க, அஸ்திவாரத்துக்கு முன்னாடியே.

இதுக்கப்புறம் எனக்கு நம்பிக்கை போச்சு. பிடபிள்யூடியில இருந்து ரிட்டயர் ஆன ஒரு இன்ஜினியர தனியா பேசி, ஒரு தடவை வந்தா 1500 ரூபாய்னு, ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் வர வச்சோம். இந்த வீட்டுக்கு செலவு பண்ணதுல ரொம்ப உருப்படியான செலவு இதுதான்னு வீட்டுக்காரரும் சொல்வாரு. அவர் வந்த முதல் நாளே கொல்லைப்பக்க காலத்த, அதாவது காங்கிரீட் தூண, சுத்தியலால தட்டி பார்த்தாரு. அடியில ஒரு அடி உயரத்துக்கு சிமெண்ட் பால் தடவி மூடியிருந்தாங்க. கொத்தி எடுத்தா உள்ள ஜல்லி ஜல்லியா ஓட்டை, கம்பி தெரியுது. ஹனிகோம்ப்னு சொல்றது இதத்தான். மேல இருந்து பத்து அடி உயரத்துல கொட்டியிருக்காங்க, ஒண்ணரை மீட்டருக்கு மேல இருந்து கொட்டினா ஜல்லி தனியா கலவை தனியா பிரியும், வைப்ரேட்டர் வேற போடல. முழு வீட்டையும் தாங்கற இடத்துல இப்படி பண்ணிட்டு மேல தடவி மறைக்க எப்படி மனசு வந்துச்சோ. இன்ஜினியர் நின்னு, உதிர்றத எல்லாம் எடுத்துட்டு, கம்பிய சுத்தம் பண்ணி, காய்ஞ்சாலும் சுருங்காத க்ரவுட்ங்கற கலவைய வச்சு நிரப்ப வச்சாரு. நான் அந்த ஸ்டேஜ் பணத்த அது முடியற வரைக்கும் கொடுக்கல. கொடுத்திருந்தா ஒருத்தரும் வந்து தொட்டிருக்க மாட்டாங்க.

க்யூரிங், அதாவது காங்கிரீட் இறுகற வரைக்கும் ஈரமா வச்சிருக்கறது, அது பத்தி தனியா சண்டை. ரூஃபுக்கு மேல பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்டுக்கு கொறஞ்சது 10 நாள், 14 நாள் விட்டா நல்லது. இவங்க மூணாவது நாளே பாத்திய காய விட்டுட்டாங்க, அதுவும் அக்னி நட்சத்திர வெயில்ல. அப்புறம் மாமனார் காலையும் சாயந்திரமும் போய் மோட்டார் போட்டு நெறைச்சாரு. 70 வயசு மனுஷன் அந்த வெயில்ல படி ஏறி இறங்கினது எனக்கு இன்னும் ஆறல, க்யூரிங்குன்னு அக்ரிமெண்ட்ல தனியா எழுதி பணம் வாங்கியிருக்காங்க.

சுவரு. நெய்வேலி சாம்பல் கல்லுல கட்டினது, கல்லுல குறை இல்ல, கட்டினதுலதான் குறை. மாமனார் தூக்குக்குண்டு விட்டு பார்த்தாரு, பெட்ரூம் சுவர் மேல போகப் போக வெளிய சாஞ்சிருக்கு. அத மறைக்க பூச்ச ஒரு பக்கம் ஒண்ணரை இஞ்சுக்கு மேல ஏத்திட்டாங்க, உள்பூச்சு வழக்கமா 12 எம்எம் தான். அவ்வளவு தடிமனா ஒரே தடவையில ஏத்தினா வெடிக்காம என்ன பண்ணும். காலமும் சுவரும் சேர்ற இடத்துல கோழிவலை அடிச்சு பூசணும், அதையும் அடிக்கல, இப்ப ஒவ்வொரு காலத்து ஓரமும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி நேரா விரிசல். இது ஸ்டிரக்சர் விரிசல் இல்ல, பயப்பட வேண்டாம்னு இன்ஜினியர் சொன்னாரு, ஆனா மழை தண்ணி அது வழியா இறங்கும்.

நியாயமா நல்லதையும் சொல்லணும். கம்பியில ஏமாத்தல. 8 எம்எம் கம்பி ஒரு மீட்டர் 395 கிராம் வரணும், வெட்டி எடை போட்டு பார்த்தோம், சரியா இருந்துச்சு. வயரிங் வேலை பண்ண தம்பிங்க ரெண்டு பேரும் அவ்வளவு நேர்த்தி, எர்த் குழி முதல் கரண்ட் பிரிச்சு விடற டிபி பாக்ஸ் வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. சமையல்கட்டு மேடை போட்ட கொத்தனார் ரசமட்டம் வைக்காம ஒரு அடி நகர மாட்டாரு. மத்த வேலையாளுங்க மேலயும் எனக்கு கோபம் இல்ல. ஆஃபீஸ்காரங்க இவங்களுக்கு சதுர அடிக்கு இவ்வளவுன்னு அடிமாட்டு ரேட்டுக்கு சப் கான்ட்ராக்ட் விடறாங்க, அடுத்த சைட்டுக்கு ஓடினாத்தான் அவங்களுக்கு கூலி கட்டுபடியாகும். ஒரு சித்தாள் அக்கா என்கிட்டயே சொன்னாங்க, "நாங்க செய்யமாட்டோம்னு இல்லம்மா, நேரம் கொடுக்க மாட்டேங்கறாங்க"ன்னு.

பாத்ரூம் ரெண்டுலயும் வாட்டம் தப்பு. குளிச்சா தண்ணி ஓட்டைக்கு போகாம கதவு பக்கம் வந்து நிக்குது. டைல்ஸ ஒரு காசால தட்டி பாருங்க, அடியில கலவை நெறைஞ்சிருந்தா கெட்டியா சத்தம் வரும், இல்லன்னா டொக்குன்னு வரும். எங்க பெரிய பாத்ரூம்ல பாதிக்கு மேல டொக்கு. டைல்ஸ் போடறதுக்கு முன்னாடி ஓட்டைய அடைச்சு ஒரு நாள் முழுக்க தண்ணி நிறுத்தி கசியுதான்னு பார்க்கணும், இன்ஜினியர் எழுதியே கொடுத்தாரு, அவர் ஊர்ல இல்லாத நாளா பார்த்து டைல்ஸ் ஒட்டிட்டாங்க. அது தெரியாம நடந்த தப்புன்னு நான் நம்பல.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கத்துல கரை கடந்துச்சே, பாண்டியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டின மழை, நமக்கும் விடாம பெஞ்சுது. அது வரைக்கும் மொட்டை மாடியில தப்பு இருக்குன்னு யாருக்கும் தெரியல. தட்டோடு பதிச்சு அழகாத்தான் இருந்துச்சு. மழையில பார்த்தா வாட்டம் குழாய் பக்கம் இல்லாம நடுவுல இறங்குது, குழாய் வாய் தரைய விட ஒரு இஞ்சு மேல நிக்குது, தண்ணி கணுக்கால் அளவு தேங்கி கைப்பிடி சுவர் ஓரமா இறங்கி பெட்ரூம்ல ஒழுகுது. குடியேறி மூணு மாசம் கூட ஆகாத வீட்டுல, பீரோவ நகர்த்தி வச்சுட்டு மாமியார் பாத்திரம் வச்சு தண்ணி பிடிச்சாங்க. அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணை வெள்ளத்துல கடலூர் பக்கம் எத்தனையோ பேர் வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துச்சு, அவங்க கஷ்டத்துக்கு முன்னாடி எங்களுது ஒண்ணுமில்ல. ஆனா அவங்க வீட்டுல வந்தது ஆத்து தண்ணி, எங்க வீட்டுல ஒழுகினது வாட்டம் பார்க்காத வேலையால.

ஃபோன் பண்ணா "புயல் மேடம், இயற்கைக்கு நாங்க என்ன பண்ண முடியும்". கடைசி தவணை 5 சதவீதம், ஒரு லட்சத்து 29 ஆயிரத்து சொச்சம், அது என்கிட்டதான் இருந்துச்சு, முதல் மழைக்காலம் முடிஞ்சுதான் தருவேன்னு அக்ரிமெண்ட்லயே எழுத வச்சிருந்தோம். வாய்ல பேசறத நிறுத்திட்டு தேதி போட்ட ஃபோட்டோ, இன்ஜினியர் ரிப்போர்ட், அக்ரிமெண்ட் நகல் எல்லாம் வச்சு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினோம். இங்க ஒரு விஷயம் நிறைய பேருக்கு குழப்பம். நம்ம சொந்த மனையில ஒரு வீடு கட்டறதுக்கு ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம், வராது, அது ஃப்ளாட், லேஅவுட் போட்டு விக்கறவங்களுக்கு. நமக்கு வழி நுகர்வோர் ஆணையம், 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல வீடு கட்டித் தர்றதும் சேவைன்னு தெளிவா இருக்கு. 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்துலயே போடலாம், நம்ம மாதிரி 20 லட்சத்துக்கு மேல கொடுத்தவங்களுக்கு ஃபீஸ் 1000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். போடறதுக்கு முன்னாடி நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணியும் கேக்கலாம். இத எல்லாம் தபால்ல எழுதினதும் அது வரைக்கும் ஃபோன் எடுக்காத ஓனரே நேர்ல வந்தாரு.

வந்து பேசினதுல மாடி தட்டோட்ட பேத்து வாட்டம் மாத்தி, குழாய் வாய இறக்கி திரும்ப போட்டாங்க. ஆனா அவங்க ஆளுங்க வேண்டாம், நான் சொல்ற மேஸ்திரிதான் செய்யணும், கூலிய நீங்க கொடுங்கன்னு சொல்லிட்டேன். எதிர் மனை நெல்லிக்குப்பம் மேஸ்திரியவே கூப்பிட்டோம். அவர் வேலைய முடிச்சு, ஒரு பக்கெட் தண்ணிய மூலையில ஊத்தி அது முழுசா குழாய்க்குள்ள போற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் இறங்கினாரு. போன மழைக்கு ஒரு சொட்டு இறங்கல. விரிசலுக்கு வலை அடிச்சு பூசறது பாதி முடிஞ்சிருக்கு. பாத்ரூம் டைல்ஸ மட்டும் "யூசேஜ் பிரச்சனை"ன்னு சொல்லி மாத்த மாட்டேங்கறாங்க, அதுக்கான தொகைய கடைசி தவணையில கழிச்சுட்டு மீதிய தர்றேன்னு எழுதி கொடுத்திருக்கேன், பதில் வரல.

1.5ல ஒண்ணு வயரிங்குக்கும் கம்பிக்கும், அரை ஓனர் நேர்ல வந்ததுக்கு. கொல்லைப்பக்க காலத்துல கம்பி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு காட்டற கவர் மீட்டரும், காங்கிரீட் கெட்டியா இருக்கான்னு பார்க்கற ஹேமர் டெஸ்டும் வச்சு ஒரு தடவை பார்த்துடலாம்னு இன்ஜினியர் சொல்லியிருக்காரு. அந்த ரிப்போர்ட் வந்ததும், டைல்ஸ் கணக்கு என்ன ஆச்சுங்கறதையும் சேர்த்து இதுலயே எழுதறேன்.