டீசல் கெப் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்: என் 685,000 ரூபாய் போன கதை

இன்றைக்குக் காலையில்தான் கராஜில் கடைசிக் காசைக் கட்டிவிட்டு வந்தேன். மொத்தம் ஆறு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். வாகனம் வாங்கி இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால், "போனது போகட்டும்" என்று அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். டீசல் எடுப்பதா பெற்றோல் எடுப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை வாசியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் மரக்கறி போடுகிறவன். கிழமைக்கு நாலு தரம் தம்புள்ளைப் பொருளாதார மையத்துக்கு (மொத்த மரக்கறிச் சந்தைக்கு) போய்வர வேண்டும். போக 110 கிலோமீற்றர், வர 110. இவ்வளவு காலமும் வாடகை லொறியில்தான் ஓட்டம். வாடகைக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தபோதுதான் சொந்தமாக ஒரு கெப் (பின்னால் சாமான் ஏற்றுகிற வாகனம்) எடுக்கும் யோசனை வந்தது.

மூன்று மாதம் நானும் மச்சானும் இதையே பேசினோம். மச்சான் பெற்றோல் பக்கம். பெற்றோல் எஞ்சின் என்றால் எந்தச் சந்தியிலும் ஒரு பாஸ் (மெக்கானிக்) இருப்பார், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டாலே பாதி வருத்தம் தீர்ந்துவிடும், டீசல் பம்ப் பழுதானால் அதைத் திருத்துகிற பம்ப் ரூமைத் தேடிப் போக வேண்டும், அங்கே மூடியைத் திறக்கவே காசு என்பான். எனக்குப் பாரம்தான் கணக்கு. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். ஒரு தொன் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிடத் தேவையில்லை. லீற்றருக்கு ஓடும் தூரமும் அதிகம்.

அப்பா காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது, டீசல் மலிவு, அவ்வளவுதான். 2021 ஜூனில்கூட டீசல் 111 ரூபாய், பெற்றோல் 157. ஒரு வருஷம் கழித்து, 2022 ஜூன் கடைசியில், டீசல் 460, பெற்றோல் 470. நாற்பத்தாறு ரூபாய் வித்தியாசம் பத்து ரூபாயாகிவிட்டது. (பிரிட்டிஷ்காரன் சீனக்குடாவில் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வருஷத் தட்டுப்பாட்டில் நாங்கள் பெற்றோல் செட் வாசலில் பாய் போட்டுப் படுத்தோம். அந்த எரிச்சல் வேறு.) அதனால் விலை வித்தியாசத்தை நம்பி டீசல் எடுக்கக்கூடாது, ஓட்டத்தையும் பாரத்தையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்போடுதான் போனேன்.

விளம்பரத் தளம் ஒன்றில் ஒரு கெப்பைப் பார்த்தோம். போட்டிருந்தது ஒரு கார் சேல். பெயர், இடம் எதுவும் எழுதப் போவதில்லை. வாகனம் எந்தக் கம்பனி என்பதும் வேண்டாம், அதைச் செய்தவர்கள் மேல் பிழை இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனத்துக்குப் பவுன் விலை. 2025இல் திறந்துவிட்ட பிறகும் வரியோடு சேர்த்துப் புதிது வாங்குவது என் போன்றவர்களால் முடிகிற காரியமா?

சேலில் இரண்டு டீசல் கெப் நின்றன. இரண்டில் புதியது ஒன்று, கொமன் ரெயில் எஞ்சின் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே குழாயில் டீசலை அமுக்கி வைத்துப் பீச்சுகிற புது வகை), 56 இலட்சம். பழைய பம்ப் எஞ்சின் ஒன்று, 42 இலட்சம். என் கண் புதியதில்தான். மிச்சத்துக்கு லீசிங் போடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். முதலாளி பிளேன்ரீ வரவழைத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. ஓட்டம் எவ்வளவு, பாரம் எவ்வளவு, எந்த ரோட்டு என்று எல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நான் விக்கிறவன். கூடின விலைக்கு வித்தா எனக்குத்தான் லாபம். ஆனா சொல்றன், இத எடுக்காதீங்க."

நான் விழுந்த இடம் இதுதான். விற்கிறவனே விலை கூடிய சாமானை எடுக்காதே என்கிறான் என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? கொமன் ரெயிலில் நொசிலின் (டீசலைப் பீச்சுகிற முனையின்) துளை மயிர் மாதிரி, அமுக்கம் மிக அதிகம், டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசோ வந்தால் நாலு நொசிலும் போய்விடும், ஒவ்வொன்றும் என்ன விலை தெரியுமா என்றார். பழைய பம்ப் எஞ்சினை எந்தப் பாஸும் கழற்றிப் பூட்டுவார் என்றார். அவர் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. பிறகு எங்கள் பாஸிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். உண்மையைச் சொல்லியே ஒருவனை ஏமாற்றலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

கல்குலேட்டரை எடுத்தார். கிழமைக்கு 880 கிலோமீற்றர். பெற்றோல் என்றால் லீற்றருக்கு எட்டு ஓடும், 110 லீற்றர். டீசல் பதினொன்று ஓடும், 80 லீற்றர். முப்பது லீற்றர் மிச்சம். கைக்கணக்குக்கு லீற்றர் 300 என்று வைத்தாலும் கிழமைக்கு 9,000 ரூபாய் உங்கள் பையில் என்றார். மச்சானைப் பார்த்துச் சிரித்தார். மச்சானுக்கு வாய் அடைத்துவிட்டது. அவன் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். ஒரே அடியில் எடுத்தது. பொனெட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. "காலமை ஒரு ஆள் வந்து ஓடிப் பாத்திட்டுப் போனவர்" என்றான் அங்கே நின்ற பொடியன். நானும் தலையாட்டினேன். எஞ்சின் பளபளவென்று கழுவி, வாள்வ் கவருக்குப் பெயின்ற்கூட அடித்திருந்தது. புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டினார்கள், எட்டு மாதத்துக்கு முந்தியது. "ஒரு மாசத்துக்கு எஞ்சின் என்ர பொறுப்பு" என்று முதலாளி என் தோளில் கை போட்டுச் சொன்னார். கடதாசியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. தோளில் கை போட்ட மனிதரிடம் எப்படிக் கேட்பது?

மனைவியின் நகை அடகுக்குப் போனது, தாலிக்கொடியைத் தவிர. வாகனத்தைப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றி நசுக்கினோம். பதினாறாம் நாள், தம்புள்ளையிலிருந்து ஒரு தொன் மரக்கறியோடு வரும் வழியில், ஹபரணை தாண்டிக் கந்தளாய்க்கு முந்திய காட்டு ரோட்டில், விடிய மூன்று மணிக்கு வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. யானை குறுக்கே போகிற ரோட்டு அது. விடியும்வரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தேன். பீன்ஸும் லீக்ஸும் அந்தச் சூட்டில் வதங்கிப் பாதி கழிவு. அதை இந்த 685,000இல் சேர்க்கவில்லை.

பாஸ் எஞ்சினைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஹெட்டில் (எஞ்சினின் மேல் பாகத்தில்) வெடிப்பு, ஏற்கெனவே ஒருதரம் ஒட்டவைத்தது. ரேடியேட்டருக்குள் ஒழுக்கை அடைக்கிற மருந்து சேறு மாதிரிக் கிடந்தது. ஒயிலுக்குள் தடிப்பாக்குகிற மருந்து ஊற்றியிருந்தார்கள், தேய்ந்த எஞ்சினின் சத்தமும் புகையும் கொஞ்ச நாளைக்கு வெளியே தெரியாமல் இருக்க. பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு நெருப்பு மாதிரிச் சுட்டது. டீசலுக்குப் பிளக் பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானாக எரியும். அமுக்கம் போன எஞ்சின்கூடச் சூடாக இருந்தால் ஒரே அடியில் எடுக்கும். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். "காலமை ஒரு ஆள் ஓடிப் பாத்தவர்" என்று பொடியன் சொன்னது இதற்குத்தான்.

ஹெட் 240,000. பம்பும் நொசிலும் 165,000. போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன், ரிங் மாற்ற 190,000. காட்டிலிருந்து இழுத்துவந்த கூலி 45,000, பாஸின் கூலி 45,000. கூட்டிப் பாருங்கள். 685,000.

இனி போன் கதை. முதல் நாள்: "தம்பி, தண்ணி பாத்து ஊத்தினீங்களா?" இரண்டாம் நாள்: "பழைய வாகனமெண்டா அப்பிடித்தான், நான் என்ன புதுசா தந்தனான்?" மூன்றாம் நாள் பொடியன் எடுத்தான், முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். நாலாம் நாளும் கொழும்பு. வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. நேரே போனால் கொழும்பில் இருக்க வேண்டிய மனிதர் அதே கதிரையில் இருந்து பிளேன்ரீ குடிக்கிறார். இதுவரைக்கும் "அவர்" என்று எழுதுவது பழக்க தோஷம், மன்னியுங்கள். பில்லை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இருந்த நிலையில் விற்கப்பட்டது" என்று பின்பக்கம் சின்ன எழுத்தில், கீழே என் கையெழுத்து. ஒரு மாதப் பொறுப்பு என்றீர்களே என்றேன். "ஓடின விதம் எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். அதோடு விட்டாரா? வேண்டுமானால் முப்பது இலட்சத்துக்குத் தான் திருப்பி எடுப்பதாகச் சொன்னார், ஏதோ உதவி செய்கிறவர் போல. 42 இலட்சத்துக்கு விற்றதை!

அவருடைய கல்குலேட்டர் கணக்கையே போட்டுப் பார்த்தேன். கிழமைக்கு 9,000 மிச்சம் என்றாரே, அந்த மிச்சத்தால் 685,000ஐ அடைக்க எழுபத்தாறு கிழமை ஓட வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் சும்மா ஓட்டம்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். நேரம் போய்விட்டது, அவசரத்தில் வருவதைச் சொல்கிறேன். டீசல் பார்க்கப் போனால் விடியக் காலையில், சொல்லாமல் போங்கள், பொனெட் குளிர்ந்து இருக்க வேண்டும். சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள். ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், புஸ் புஸ் என்று புகை அடித்தால் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், தண்ணீர் கொதிக்கிற மாதிரி விடாமல் குமிழி வந்தால் வேண்டாம். பெயின்ற் அடித்த எஞ்சின் வேண்டாம். வாயால் சொன்ன பொறுப்பு பொறுப்பே இல்லை, எழுதி வாங்குங்கள். உங்கள் சொந்தப் பாஸைக் கூட்டிப் போங்கள், அவருக்கு ஐயாயிரம் கொடுத்தாலும் 685,000 இல்லை. ஓட்டம் குறைவு, பாரம் குறைவு என்றால் மச்சான் சொன்ன மாதிரிப் பெற்றோலே போதும், இதை எழுதினேன் என்று அவனிடம் சொல்லாதீர்கள்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு நாளைக்கு அடிக்கப் போகிறேன். அது முடியும்வரை சேலின் பெயரை யாரும் இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். இன்றிரவு தம்புள்ளை ஓட்டம் இருக்கிறது, ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும், மிச்சம் பிறகு.