அமெரிக்க ஸ்கூல்ல பைபிள் கிளப்: பசங்க நடத்துறதா, பெரியவங்க நடத்துறதா?

ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க நிறைய. ஹைஸ்கூல்ல பசங்களே நடத்துற கிளப்புக்கு பலம் 1984ல வந்த ஈக்வல் ஆக்சஸ் ஆக்ட்ங்கற சட்டம், மத்த கிளப்புக்கு இடம் குடுத்தா மதக் கிளப்புக்கும் குடுக்கணும்னு சொல்லுது. நெப்ராஸ்கால ஒரு ஸ்கூல் செஸ், ஸ்கூபா டைவிங்னு கிளப் வச்சுக்கிட்டு பைபிள் கிளப்புக்கு மட்டும் முடியாதுன்னுச்சு, 1990ல சுப்ரீம் கோர்ட் மெர்கன்ஸ் கேஸ்ல அது செல்லாதுன்னுடுச்சு. ஆனா வெளியில இருந்து வர்ற கிறிஸ்தவ ஊழியக்காரங்க பசங்க கிளப்பை நடத்தவோ ரெகுலரா வந்து உக்காரவோ கூடாது, டீச்சர் இருந்தாலும் சும்மா பாத்துக்கலாம் அவ்ளோதான், ஜெபம் பண்றது பேசுறது எல்லாமே பசங்க.

குட் நியூஸ் கிளப் வேற கதை. சைல்டு எவாஞ்சலிசம் ஃபெலோஷிப்ங்கற கிறிஸ்தவ அமைப்போட ஆளுங்களே ஸ்கூல் விட்டதும் வந்து சின்னப் பசங்களுக்கு பைபிள் சொல்லிக்குடுப்பாங்க, வீட்ல சம்மதம் வேணும், 2001ல சுப்ரீம் கோர்ட் குடுத்த மில்ஃபோர்டு தீர்ப்பு இதுக்கு வழிவிட்டுச்சு. பெரியவங்க கையில இருக்குறதால வருஷா வருஷம் ஒழுங்கா ஓடும்.

என் ஓட்டு பசங்க கிளப்புக்குத்தான், பல ஊழிய அமைப்புங்க வெளிய இருந்தே சேர்ந்து உதவி செய்யவும் அங்கதான் இடம் ஜாஸ்தி, ஒருத்தர் லீடர்ஷிப் ட்ரெயினிங், ஒருத்தர் பைபிள், ஒருத்தர் பீட்சா செலவுன்னு பிரிச்சுக்கலாம். ஒரே சிக்கல், ஓட்டிக்கிட்டிருந்த சீனியர் பாஸாகி போயிட்டா கிளப்பே படுத்துரும், அதனால அடுத்த லீடர இப்பவே பழக்கணும், அதுக்கு யாரும் பணம் ஒதுக்குறதில்ல பாருங்க.