கோடம்பாக்கத்தில் ஒரு ஹிப் ஹாப் கோர்ஸ்: கொடுத்த காசுக்குச் சரக்கு இருக்கிறதா?

சென்னையில் ஹிப் ஹாப் கிளாஸ் என்று போர்டு வைத்திருக்கிற இடங்களில் பெரும்பாலும் நடப்பது டான்ஸ் மட்டும்தான். அதுவும் அந்த மாதம் ஓடுகிற பாட்டுக்கு முப்பது நொடி ஸ்டெப், அப்புறம் எல்லாரும் வரிசையாக நின்று ஒரு ரீல், முடிந்தது. அதனால் டிஜே, ராப், பிரேக்கிங், கிராஃபிட்டி நான்கையும் ஒரே கோர்ஸில் சொல்லித்தருகிறோம் என்று ஒரு ஸ்டூடியோ போட்டிருந்ததைப் பார்த்ததும் அதிகம் யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கிற தகரத்துக்குப் பின்னால், ஒரு சோபா கடைக்கு மேலே மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டியும் இருக்கிறேன்.

இரண்டு மாதம், சனி ஞாயிறு சாயங்காலம் மட்டும். கட்டணம் 6,500 ரூபாய், காலேஜ் ஐடி காட்டினால் ஆயிரம் குறைப்பார்கள். நான் ஷிஃப்ட் டூ மாணவி, வார நாட்களில் பெரம்பூர் போய்ச் சேரவே இருட்டிவிடும், எனக்கு இந்த நேரம் சரியாக இருந்தது.

கொடுத்த காசில் முக்கால்வாசி டிஜே மேஜையிலேயே வசூலாகிவிடும். இரண்டு டெக்னிக்ஸ் 1200 ரெக்கார்ட் பிளேயர், செகண்ட் ஹேண்ட், ஒன்றில் டஸ்ட் கவர் இல்லை, நடுவில் இரண்டின் சத்தத்தையும் கலக்கிற ஒரு மிக்ஸர். சுற்றுகிற தட்டைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் அடுத்த கணமே பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. மோட்டார் நேராகத் தட்டையே சுற்றுவதால் வருகிற பலன் இது. வீட்டில் தாத்தா காலத்து பெல்ட் பிளேயரில் இதை முயற்சி செய்யாதீர்கள், பாட்டு இழுத்துக்கொண்டு வரும், கொஞ்ச நாளில் பெல்ட்டும் போய்விடும். ஒரு சிக்கல் என்னவென்றால் பக்கத்து ஹாலில் பிரேக்கிங் பேட்ச் குதிக்கும்போதெல்லாம் இங்கே ஊசி துள்ளும். டிஜே அண்ணா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்: ஒவ்வொரு பிளேயருக்கும் அடியில் ஒரு கடப்பா கல், கல்லின் நான்கு மூலைக்கும் அடியில் பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்து. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அப்புறம் யார் எப்படிக் குதித்தாலும் ஊசி அசையவில்லை.

ஹிப் ஹாப் பிறந்த கதையையும் அவர் போர்டில் எழுதாமல் தட்டை வைத்தே சொன்னார். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ், 1520 செட்விக் அவென்யூ என்ற அபார்ட்மெண்டின் பொது ஹால். ஸ்கூல் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பெல் என்கிற பெண் அங்கே ஒரு பார்ட்டி வைக்கிறார். பாட்டு போட்டது அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். குரலெல்லாம் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிற சில நொடிகளுக்குத்தான் கூட்டம் காத்திருக்கிறது என்பதை அவர் கவனிக்கிறார். ஒரே ரெக்கார்டில் இரண்டு வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடியும்போது இன்னொன்றில் அதே இடத்தைத் தொடங்கி, மாற்றி மாற்றிப் போட்டு நீட்டிக்கொண்டே போகிறார். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக், அதற்கு ஆடினவர்கள் பி-பாய், பி-கேர்ள். இவ்வளவு நாளாக பிரேக் டான்ஸ் என்றால் கை கால் உடைகிற மாதிரி ஆடுவதால் வந்த பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர்.

சொன்னதோடு விடாமல் செய்யவும் வைத்தார். பிரேக் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்கிற இன்னொரு பிராங்ஸ் டிஜே ரெக்கார்டில் கிரேயானால் கோடு போடுவாராம். எங்களுக்கு லேபிளில் ஸ்டிக்கர் பொட்டு. பொட்டு பன்னிரண்டு மணி முள் இருக்கிற இடத்துக்கு வந்தால் பிரேக் தொடக்கம். ஒரு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வெளியே ஒரு தட்டு ஓடும்போதே மற்றதை விரலால் பின்னுக்குச் சுற்றிப் பொட்டைப் பிடித்து, சரியான அடியில் விட்டுவிட்டு, மிக்ஸரில் சத்தத்தை ஒரு பிளேயரிலிருந்து மற்றதுக்கு மாற்றுகிற கிராஸ்ஃபேடரைத் தள்ள வேண்டும். முதலில் குதிரை நொண்டுகிற மாதிரிதான் வந்தது. இரண்டு தட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட அந்த ஒரு தடவைக்காகவே மாடி ஏறலாம்.

டிஜே அண்ணா பயன்படுத்தியது எண்பதுகளின் ஒரு தமிழ்ப் பட எல்பி, நடுவில் நான்கு பாருக்கு (நாலு எண்ணிக்கை ஒரு பார்) பாங்கோவும் டிரம்ஸும் மட்டும் வருகிறது. ஒரே படத் தட்டு இரண்டு கிடைப்பதுதான் கஷ்டம் என்றார், மூர் மார்க்கெட் கடைகளில் சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்கினாராம். கிடைக்காத பாட்டுக்கு லேப்டாப்பில் செராட்டோ என்கிற டிஜே சாஃப்ட்வேர் போட்டு, அதிலுள்ள பாட்டைக் கையால் ஆட்டுவதற்கான டைம்கோட் தட்டு வைத்து ஓட்டுகிறார்.

குறை என்றால் கூட்டம். இரண்டு பிளேயருக்கு இத்தனை பேரைச் சேர்க்கவே கூடாது, ஆளுக்குப் பத்து நிமிஷம் கூடக் கிடைப்பதில்லை. வகுப்புக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள், அண்ணா இருந்தால் தொட விடுவார்.

ராப் எடுப்பவர் வியாசர்பாடிக்காரர், கானா பாடிக்கொண்டிருந்து இந்தப் பக்கம் வந்தவர். முதல் வகுப்பில் ஆளுக்கு நாலு வரி எழுதச் சொன்னார். நடக்குறேன், கடக்குறேன், துடிக்கிறேன், வெடிக்கிறேன் என்று நாங்கள் நீட்டியதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தமிழ்ல வினைச்சொல்லக் கடைசில போட்டா எல்லாமே றேன்லதான் முடியும். அது ரைம் இல்ல, இலக்கணம். இதுல நீ என்ன பண்ண?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் எடுத்தது அப்படியே பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். எதுகை, மோனை, இயைபு. ஆங்கில ராப்பில் வரியின் கடைசிச் சொல் மோதுவதில்தான் வேலை அதிகம். நமக்குக் கடைசி மலிவு, அடி விழுவது சொல்லின் தலையில், அதனால் இரண்டாம் எழுத்தைப் பிடி என்றார். பிறகு பீட்டைப் போட்டு, நாலு எண்ணிக்கை ஒரு பார், ஸ்நேர் என்கிற டிரம்ஸின் 'டக்' அடி விழுவது இரண்டிலும் நாலிலும், எதுகைச் சொல்லைக் கொண்டுபோய் அங்கே உட்கார வை என்று கையைத் தட்டிக் காட்டினார். பட்டாளம் ஏரியாவிலிருந்து வருகிற ஒரு பையன் அன்றைக்கே எழுதியது இது:

பட்டாளம் மார்க்கெட்டுல கட்டாத கடனுக்கு
எட்டாவது மாசமும் எட்டிப் பாக்குது வட்டி

இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்து மறந்துபோனது இப்படி வேலைக்கு வரும் என்று எங்கள் தமிழ் ஐயாவே எதிர்பார்த்திருக்க மாட்டார். (திருப்புகழ்தான் உலகின் முதல் ராப் என்று வாட்ஸாப்பில் அனுப்புகிற மாமாக்கள் இதைப் படித்தால் தயவுசெய்து அமைதி காக்கவும்.)

ஆனால் இந்த அண்ணன் கானாவைப் பற்றிப் பேசுவது கீழே டீக்கடையில் மட்டும்தான். மரண கானாவில் செத்தவரைப் பற்றி ராத்திரி முழுக்க அங்கேயே வரி கட்டிப் பாடுவது எப்படி, ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் எடுப்பது எப்படி என்று டீ ஆறுகிற வரைக்கும் சொல்வார். ஃப்ரீஸ்டைல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எங்கே இருக்கிறது? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானா, ராப், ராக் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றிக் காட்டியாகிவிட்டது. வகுப்பில் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். "சிலபஸ்ல இல்லம்மா" என்றார்.

இந்த சிலபஸ்தான் இந்த இடத்தின் கோளாறு. சொல்லித்தருகிற ஆள் தன் சொந்தச் சரக்கை எடுத்துவிடும்போது வகுப்பு பறக்கிறது, எழுதிக்கொடுத்த சிலபஸுக்குப் போனதும் படுத்துவிடுகிறது.

பிரேக்கிங் மாஸ்டர் நல்லவர், கறாரானவர். தலைகீழாகச் சுற்றலாம் என்று வந்தவர்களை வாரக்கணக்கில் நின்றபடி டாப்ராக் மட்டும் போட வைத்தார். அப்புறம் தரையில் கை ஊன்றி சிக்ஸ் ஸ்டெப், அப்புறம் பேபி ஃப்ரீஸ். முழங்கையை இடுப்பெலும்புக்கு மேலே வயிற்றில் குத்தி நிறுத்தி, மொத்த எடையையும் அதில் கொடுத்து, தலை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மறுநாள் அந்த இடத்தில் நீலம் கட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். ரோபோ மாதிரி வெட்டி வெட்டி ஆடுவதையும் நம் ஊரில் பிரேக் டான்ஸ் என்று சேர்த்துவிடுகிறோம், அது பாப்பிங், கலிஃபோர்னியா பக்கம் ஃபங்க் பாட்டுக்கு வளர்ந்த வேறு சங்கதி என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்தது பிரேக்கிங் மட்டும்தான்.

ஹாலில் ஏசி பாதி நாள் வேலை செய்யாது. மே மாதத்தில் பத்துப் பேர் வியர்வை சொட்டிய வினைல் ஷீட்டில் கை ஊன்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது, துடைக்கிற மாப்பையும் நாங்களே எடுக்க வேண்டும். பெண்களுக்குத் தனியாக உடை மாற்றுகிற இடம் இல்லை, பாத்ரூமில் தாழ்ப்பாள் சரியில்லை. பேட்ச்சில் பெண்கள் குறைவு என்று அவர்களே வருத்தப்படுகிறார்கள், முதலில் அந்தத் தாழ்ப்பாளை மாற்றட்டும்.

கிராஃபிட்டி சுமார்தான். ஆளுக்கு ஒரு ஸ்ப்ரே கேன், ஹார்டுவேர் கடையில் வண்டிக்கு டச்சப் செய்ய விற்பார்களே அது, கொஞ்சம் நின்றால் வழிகிறது. தடிமனாகவும் மெல்லிசாகவும் அடிக்கக் கேனில் மாட்டுகிற ஃபேட் கேப், ஸ்கின்னி கேப் என்று படத்தில் காட்டினார்கள், கையில் தரவில்லை. பிளைவுட் பலகையில் அவரவர் பெயரை ஆங்கில எழுத்தில் ஊதிப் பெருக்க வைத்து வரைய வேண்டும். என் பக்கத்திலிருந்த பெண் 'ழ' வரைந்தாள், அந்தச் சுழிக்கு அப்படி ஒரு வால் விட்டு நிழல் போட்டிருந்தாள், அன்றைக்கு வந்ததிலேயே அதுதான் அழகு. பயிற்சியாளர் "ஃபார்மட்ல இல்லையே" என்று மறுபடி ஆங்கிலத்தில் போடச் சொல்லிவிட்டார். கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு முன்பே சுவர் பிடித்து, ஓர் ஆள் உயரத்துக்குத் தமிழ் எழுத்து எழுதிய ஊரில் இருந்துகொண்டு! நீங்களாகவே போய்த் தெருச் சுவரில் பழகலாம் என்று நினைக்காதீர்கள், பொது இடங்களின் சுவரைக் கெடுப்பதைத் தடுக்க இங்கே 1959லிருந்தே சட்டம் இருக்கிறது.

அப்புறம் கண்ணகி நகருக்குக் கூட்டிப்போனார்கள். ஓஎம்ஆரை ஒட்டி, அடுக்குமாடிச் சுவர்களில் 2020ல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பு கலைஞர்களை வைத்து வரைந்த பெரிய பெரிய முகங்கள், நிஜமாகவே பார்க்க வேண்டியவை. போட்டோ எடுத்தோம், திரும்பினோம். டிஜே, ராப், பிரேக்கிங், கிராஃபிட்டி நான்கும் ஹிப் ஹாப்பின் எலிமென்ட்கள், ஐந்தாவது எலிமென்ட் அறிவு, அதாவது நாலெட்ஜ் என்று அடுத்த வாரம் ஒரு பிபிடி. நியூயார்க்கின் கட்டுமானத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் போட்ட எக்ஸ்பிரஸ்வேயால் பிராங்ஸில் ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை இழந்தது, எழுபதுகளில் கட்டடம் கட்டடமாக எரிந்தது, அந்த இடிபாட்டுக்கு நடுவில் பிள்ளைகள் மின்கம்பத்திலிருந்து கரண்ட் எடுத்துப் பாட்டு போட்டது எல்லாம் ஸ்லைடில் வந்தது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணகி நகரில் இருப்பவர்கள் சென்னைக்கு நடுவில் குடியிருந்த இடங்களிலிருந்து அகற்றப்பட்டு 2000 வாக்கில் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள் என்பது அந்த பிபிடியிலும் இல்லை, நாங்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதும் யாரும் சொல்லவில்லை. அங்கே மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "எங்க இருந்து வரீங்க?" என்று எங்களைக் கேட்டார். அவரிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தாலே அன்றைய பாடம் முடிந்திருக்கும். தமிழ் ராப் வரலாறும் அதே கதை, 2006லேயே மலேசியாவில் யோகி பியும் நட்சத்ராவும் ஆல்பமே போட்டுவிட்டார்கள், ஸ்லைடில் ஒரு வரி கிடையாது.

கடைசி வாரம் ஜாம். டிஜே பேட்ச் தட்டு சுற்ற, மற்றவர்கள் வட்டம் கட்டி சைஃபர். வட்டத்துக்குள் ஒருத்தர் ஆடும்போது குறுக்கே நுழையக் கூடாது, அவரைத் தொடக் கூடாது, முடித்து வெளியே வந்ததும் அடுத்தவர். பட்டாளத்துப் பையனுக்கு மூன்று தடவை ஒன்ஸ்மோர். அதற்கு முந்தைய வகுப்பு முழுவதையும் ஸ்டூடியோவுக்கு ரீல் எடுப்பதில் வீணடித்தார்கள், எதிலிருந்து தப்பித்து வந்தோமோ அதேதான்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். டிஜேவுக்கும் ராப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். பிரேக்கிங் மட்டும் வேண்டும் என்றால் முதலில் ஒரு ட்ரையல் கேட்டுத் தரையைத் தொட்டுப் பாருங்கள். கிராஃபிட்டிக்காகச் சேர வேண்டாம். டிஜேவை மட்டும் தனியாக 3,000 ரூபாய்க்கும் தருகிறார்கள், போர்டில் போட மாட்டார்கள், ரிசப்ஷன் அக்காவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சர்டிஃபிகேட் 500 ரூபாய் தனி, எந்தக் காலேஜிலும் அதற்கு கிரெடிட் கிடையாது, வாங்காதீர்கள். வண்டியில் போனால் சோபா கடை வாசலில் நிறுத்தாதீர்கள், காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். கோடம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.