பிளேட்லெட் 31,000 என்று ரிப்போர்ட் வந்தால், முதலில் ஸ்மியர் கேளுங்கள்

அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்து, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் லேபிலிருந்து போன்: பிளேட்லெட் 31,000தான், உடனே டாக்டரைப் பாருங்கள். குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது. அன்று ராத்திரியே அட்மிஷன், ஆபரேஷன் தள்ளிவைப்பு, டெங்கு டெஸ்ட், ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைப் பேச்சு. அம்மாவோ காய்ச்சல் இல்லாமல், உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல், ஈறில் ரத்தம் கசியாமல், கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் 26,000. பிளேட்லெட் ஏற்ற வேண்டும், டோனர் தேடுங்கள் என்றார்கள்.

என் தோழி வேறொரு ஊரில் நோயியல் மருத்துவர். போனில் அவள் கேட்ட முதல் கேள்வியே "ஸ்மியர் பார்த்தார்களா?" என்பதுதான். அதாவது, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பது. பார்க்கவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் 'பிளேட்லெட் கொத்து இருக்கலாம்' என்று மெஷினே எச்சரித்திருந்தது. அதை லேபும் கண்டுகொள்ளவில்லை, வார்டிலும் யாரும் படிக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

விஷயம் இவ்வளவுதான். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது சிலருடைய ரத்தத்தில் இருக்கும் ஓர் ஆன்டிபாடி பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். நேரம் ஆக ஆக இன்னும் ஒட்டும். மெஷின் அந்தக் கொத்துகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது, சில சமயம் வெள்ளை அணுக் கணக்கில் சேர்த்துவிடும். இதெல்லாம் டியூபுக்குள் நடப்பது, உடம்புக்குள் அல்ல.

நாங்கள் சண்டை போட்டு, ஈடிடிஏவுக்குப் பதில், ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருளான சிட்ரேட் இருக்கும் நீல மூடி டியூபில் எடுக்கச் சொன்னோம். எடுத்த கையோடு எண்ணினார்கள். அதில் ஏற்கெனவே இருக்கும் திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்வதால் வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்: 2,14,000! ஊதா மூடி டியூப் ரத்தத்தின் ஸ்மியரிலும் பிளேட்லெட் கொத்துக் கொத்தாகத் தெரிந்தது.

சிலருக்குச் சிட்ரேட்டிலும் ஒட்டும், அதனால் ஸ்மியரை விடாதீர்கள். அதே சமயம் காய்ச்சலோ ரத்தக் கசிவோ இருந்தால் இதைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், அது நிஜமான குறைவாக இருக்கலாம்.

லேபில் போய்க் கேட்டதற்கு "மெஷின் காட்டினதைத்தான் கொடுப்போம்" என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரிச் செலவு எங்கள் தலையில். இப்போது அம்மாவின் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது: 'ஈடிடிஏ டியூபில் பிளேட்லெட் ஒட்டும், சிட்ரேட்டில் எடுக்கவும்.'