மடக்குக் கத்தி: கூர் அதிக நாள் நிற்க வேண்டுமா, சட்டென்று தீட்ட வர வேண்டுமா?

வேலைக்கென்று பையில் போட்டுக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி தேடினால் பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்து நிற்போம். மரப்பிடியும் வளையப் பூட்டும் உள்ள ஓப்பினல் பாணிக் கத்தி ஒன்று. ஒரு கையாலேயே திறந்து மூடக்கூடிய, கிளிப் வைத்த லைனர் லாக் கத்தி (பிடிக்குள் இருக்கும் தகடே பூட்டாக நிற்பது) இன்னொன்று. மழுங்கினால் பிளேடைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளும் மடக்கு கட்டர் மூன்றாவது. மூன்றையும் பயன்படுத்திவிட்டு நான் வைத்துக்கொண்டது லைனர் லாக். அதிலும் உலோகத் தூளை இறுக்கிச் செய்யும், பெரிய பெயர் பெற்ற பவுடர் ஸ்டீல் வேண்டாமென்று 14சி28என் என்ற அடக்கமான எஃகைத்தான் எடுத்தேன். பத்துக் கருவிகள் சேர்ந்த விக்டோரினாக்ஸ் வகையை இங்கே சேர்க்கவில்லை. அதை வாங்குபவருக்குத் தேவை கத்தி மட்டும் அல்ல.

சட்டென்று முடிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அலகு 7 முதல் 8.5 செ.மீ. வரை இருந்தால் அன்றாட வேலைக்குப் போதும். எடை 100 கிராமைத் தாண்டினால் கால்சட்டைப் பை தொங்கும். பல் வெட்டிய அலகு கயிற்றுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதைத் தீட்ட கூம்புக் கம்பி வேண்டும், ஒவ்வொரு பல்லாகப் போக வேண்டும். கறுப்புப் பூச்சு தேய்ந்து கோடு கோடாகும். பூட்டு உள்ள கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பதற்கும் அலகு நீளத்துக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓப்பினல்

வெட்டுவது மட்டும்தான் போட்டி என்றால் மூன்றில் இதுதான் ஜெயிக்கும். ஜோசப் ஓப்பினல் 1890-ல் பிரான்ஸின் சவோய் பகுதியில் செய்யத் தொடங்கிய கத்தி. 1955-ல் சேர்ந்த வளையப் பூட்டைத் தவிர பெரிதாக எதுவும் மாறவில்லை. எண் 8-ன் அலகு 8.5 செ.மீ., மொத்த எடை 50 கிராமுக்குள். அலகு மெல்லியது, முதுகிலிருந்து விளிம்புவரை சீராக மெலிந்து வருவது. தடித்த அட்டையில் வைத்து இழுத்தால் சிக்காமல் இறங்கும். தீட்டுவதும் சுலபம்.

சிக்கல் பிடியில் இருக்கிறது. பீச் மரம் ஈரத்தைக் குடித்து ஊதினால் அலகு பள்ளத்துக்குள் இறுகிவிடும்; நகத்தால் இழுத்தால் வராது. பூட்டு வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் அடிமூலையைக் கடினமான பரப்பில் தட்டினால் அலகு தலைகாட்டும். ஆளி விதை எண்ணெய் பூசி ஊறவைத்தால் ஓரளவு குறையும், முற்றிலும் போகாது. திறக்க இரண்டு கை, பூட்ட மறுபடி ஒரு திருப்பு. ஏணியில் நின்று ஒரு கையில் கேபிளைப் பிடித்திருக்கும்போது இந்தக் கத்தி பையில்தான் கிடக்கும். மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் இந்தக் குறை எதுவும் பொருட்டில்லை. இதையே வாங்கலாம், கார்பன் எஃகை விட்டுத் துருப்பிடிக்காத அலகாகப் பார்த்து.

மடக்கு கட்டர்

ஜிப்சம் பலகை, கம்பளம், கூரை விரிப்பு என்று நாள் முழுக்க வெட்டுபவருக்கு இதற்கு மேல் யோசனையே வேண்டாம். அந்தப் பொருள்கள் எந்த எஃகையும் தின்றுவிடும். 0.6 மி.மீ. தடிப்புள்ள சரிவக பிளேடு, இரு முனையும் பயன்படும், மாற்ற அரை நிமிடம்.

மற்ற வேலைகளில் இது குறுகிப்போகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டு மூன்று செ.மீ. மட்டும், தடித்த கயிறு, நுரைப்பலகை, குழாய் என்று ஆழமாக வெட்ட வராது. பிளேடு உட்காரும் பள்ளத்தில் சிறு ஆட்டம் எப்போதும் இருக்கும், பக்கவாட்டில் நெம்பினால் முனை ஒடிந்து தெறிக்கும். டேப் பசை பள்ளத்துக்குள் போனால் அடுத்த பிளேடு சரியாக உட்காராது. கழித்த பிளேடுகளைப் போட மூடியுள்ள தகர டப்பா ஒன்று தனியாக வேண்டும். எல்லாவற்றையும்விட, உதிரி பிளேடு கையில் இல்லாத நேரத்தில்தான் பிளேடு மழுங்கும்.

முடிவு செய்வது தீட்டும் வேலைதான்

லைனர் லாக் கத்திகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் எஃகின் பெயரைச் சொல்லி, எது அதிக நாள் கூர் நிற்கும் என்று பட்டியல் போடுகிறார்கள். வேலைக்கத்திக்கு அந்தக் கேள்வி பாதிதான். விளிம்பு இரண்டு விதமாகப் போகிறது. அட்டை போன்றவை மெல்ல மெல்லத் தேய்க்கும். மறுசுழற்சி அட்டையில் கலந்திருக்கும் கனிமத் துகள்களே அதற்குப் போதும். இரண்டாவது, பெட்டியில் மறைந்திருக்கும் ஸ்டேப்பிள் பின்னில் அலகு ஒருமுறை மோதுவது. அந்த இடத்தில் விளிம்பு மடங்கும், அல்லது சில்லு பெயரும். தேய்மானத்தை நல்ல எஃகு தள்ளிப்போடும். ஸ்டேப்பிள் பின்னுக்கு எஃகின் பெருமை தெரியாது. வேலைத்தளத்தில் கத்தி கெடுவது பெரும்பாலும் இரண்டாவது வகையில். அப்போது கேட்க வேண்டியது, இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான்.

பவுடர் ஸ்டீல் வகையான எஸ்30வி-யை எடுத்துக்கொள்வோம். அதில் 4 சதவீதம் வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து உருவாகும் கார்பைடு துகள்கள், சாதாரண சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடைவிடக் கடினமானவை. கல் தேய்ப்பது துகள்களைச் சுற்றியுள்ள இரும்பைத்தான். தேய்த்துக்கொண்டே இருந்தாலும், விளிம்பு கூராகிவிட்டதைக் காட்டும் மெல்லிய உலோகப் பிசிறு எழுவது தாமதமாகும். வைரத் தட்டு வாங்கினால் தீரும். வைரத் தட்டும் அதைப் பிடிக்கும் பழக்கமும் உள்ளவர் தாராளமாக எஸ்30வி வாங்கலாம், கூர் உண்மையிலேயே நன்றாக நிற்கும்.

டி2 எஃகு இன்னும் தந்திரமானது. குறைந்த விலைக் கத்திகளில் அதிகம் வருவது. 12 சதவீதம் குரோமியம் இருந்தும் முழுமையாகத் துரு தாங்காது. கார்பன் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் இருப்பதால் குரோமியத்தில் பெரும் பகுதி கார்பைடாக முடங்கிவிடுகிறது. வியர்வைப் பையில் இரண்டு நாள் விட்டால் புள்ளி விழும். கார்பைடுகள் பருமனானவை, மெல்லிய விளிம்பு வைத்தால் சில்லு பெயரும், அதற்குப் பயந்து தயாரிப்பாளர்கள் விளிம்பைத் தடிமனாக விடுவார்கள். பிறகு கத்தி வெட்டாது, பிளக்கும்.

14சி28என்-ல் கார்பன் 0.62 சதவீதம், குரோமியம் 14, கொஞ்சம் நைட்ரஜன். கார்பைடுகள் நுண்மையானவை. ராக்வெல் கடினத்தன்மை அளவில் 58 முதல் 61 வரை கடினப்படுத்தினால் விளிம்பை மெல்லியதாக விட்டாலும் தாங்கும். கூர் நிற்பதில் எஸ்30வி-க்குப் பின்னால்தான். ஆனால் ஒரு சாதாரணக் கல்லில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மழுங்கல் போய்விடும். 12சி27-ம் இதே குடும்பம்தான். கடல்நீர் தினமும் படும் வேலையில் 14சி28என்-ஐ நீண்ட காலம் சோதித்ததில்லை. அந்த இடத்துக்கென்றே எல்சி200என் போன்ற எஃகுகள் இருக்கின்றன.

தீட்டும் முறை இது. 1000 எண் கல் (எண் கூடக்கூடக் கல் நயமாகும்) ஒன்று போதும்; சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் 400-ல் தொடங்குங்கள். விளிம்பின் இரு பக்கமும் மார்க்கரால் மை தீட்டிக்கொள்ளுங்கள். அலகின் முதுகை, அலகு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்கினால் ஏறக்குறைய 19 டிகிரி கிடைக்கும்; 24 மி.மீ. அகல அலகுக்கு 8 மி.மீ. அந்த உயரத்துக்கு அட்டையை மடித்து முதுகுக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டால் கைக்குப் பழகிவிடும். இரண்டு இழுப்புக்குப் பிறகு மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். முதுகை நோக்கிய மேல் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் குறைவு, விளிம்பு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கோணம் அதிகம்.

ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போங்கள், மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பு நோக்கிக் குறுக்கே நகர்த்தினால் நகம் எதிலோ மாட்டுவதுபோல் தெரியும். அது அடி முதல் முனைவரை முழு நீளமும் இருக்க வேண்டும். முனைக்கு முன் விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அலகு வளையும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால் முனையும் கல்லில் படும். பிறகு மறுபக்கம் அதே அளவு. அடுத்து அழுத்தத்தைக் கத்தியின் எடை அளவுக்குக் குறைத்து மாறி மாறிப் பத்து இழுப்பு. கடைசியில் தோல்பட்டையில் விளிம்பு பின்னால் வரும்படி பக்கத்துக்குப் பத்து. இழுப்பின் முடிவில் முதுகைத் தூக்கிவிட்டால் விளிம்பு உருண்டுவிடும்.

தீட்டியதும் காகிதத்தை அழகாக அறுத்துவிட்டு, நான்காவது பெட்டியில் மழுங்கினால் எஃகைத் திட்ட வேண்டாம். பிசிறு போகவில்லை, மடங்கி நின்று கூர்போல நடித்திருக்கிறது. 6000 எண் கல்வரை மெருகேற்றவும் அவசியமில்லை. 1000-ல் நிறுத்திய விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும், கயிறும் கேபிள் டையும் அதில் நன்றாகக் கடிபடும். இழுத்துத் தீட்டும் வி வடிவக் கருவியை மட்டும் தள்ளி வையுங்கள். அதிலுள்ள டங்ஸ்டன் கார்பைடு, விளிம்பைத் தீட்டாமல் சுரண்டி எடுக்கும்.

பூட்டும் ஆணியும்

லைனர் லாக் என்பது பிடிக்குள் இருக்கும் தகடு வளைந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து நிற்பது. திறந்தபின் தகட்டின் முனை, அலகின் அடி அகலத்தில் 30 முதல் 60 சதவீதம்வரை நகர்ந்து நின்றால் நல்லது. ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் வேண்டாம். எதிர்ப்பக்கம்வரை ஏற்கெனவே போயிருந்தால் தேய்மானத்துக்கு இடமில்லை. சோதிக்க, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு முதுகை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேசையில் அடித்துப் பார்ப்பது பூட்டைத்தான் கெடுக்கும். தொடும் முகத்தில் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும்.

அலகு சுழலும் இடத்தில் பால் பேரிங்கா, வெண்கல வாஷரா என்று பாருங்கள். பேரிங் கையில் எடுத்ததும் மயக்கும், அலகு தானே பறக்கும். சிமென்ட் தூசும் மரத்தூளும் உள்ள இடத்தில் அந்தக் குண்டுகளுக்கிடையே துகள் சிக்கி நரநரக்கும். வாஷர் சற்று இறுக்கமாக இருக்கும், தூசைப் பொறுத்துக்கொள்ளும். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்தி, அலகு சுழலும் ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். அலகு ஆடினால் நட்சத்திர முனையுள்ள டார்க்ஸ் டி8 அல்லது டி6 திருப்புளியால் எட்டில் ஒரு பங்கு திருப்பு போதும். அடிக்கடி தளர்ந்தால் மறையில் நீல நிற த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) குண்டூசித் தலையளவு. வாஷரில் பட்டால் அலகு அசையாது.

அலகின் அடிக்குக் குறுக்கே ஒரு கம்பி வந்து பூட்டும் கிராஸ்பார் லாக்கில் மூடும்போது விரல் அலகின் குறுக்கே வராது, அது உண்மையான வசதி. உள்ளே இரண்டு மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகளை நம்பியிருக்கிறது. ஒன்று உடைந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும், ஆனால் உதிரி கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது இன்னும் இரண்டு. விளிம்புக்குச் சற்று மேலே, கூர்ச்சரிவு தொடங்கும் இடத்தில் தடிப்பு 0.3 முதல் 0.5 மி.மீ.க்குள் இருக்கட்டும், 0.7-ஐத் தாண்டினால் என்ன தீட்டினாலும் ஆப்பு அடிப்பதுபோல்தான் இறங்கும். விளிம்பு தொடங்கும் அடியில் சிறு பள்ளம் வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் கல் அந்த மூலையை எட்டாது. சில மாதத் தீட்டலில் அடியில் ஒரு மழுங்கிய துண்டு தங்கி, அதற்கடுத்த இடம் குழிந்துவிடும். அதைச் சமன்செய்ய வைர அரமும் பொறுமையும் வேண்டும்.