சிடிஇ-யை லினக்ஸ் லேப்டாப்ல ஓட்டுறவன் சொல்றேன், நீ போடாத மச்சி

கூடப் படிச்ச ஒருத்தன் என் சிடிஇ (காமன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட், 90கள்ல யூனிக்ஸ் மெஷின்கள்ல வந்த டெஸ்க்டாப்) ஸ்கிரீன்ஷாட்டைப் பாத்துட்டு, "இது சன் கம்பெனி ஒர்க்ஸ்டேஷன்ல வருமே அதானே, லினக்ஸ்ல ஓடுதா, சும்மா கெடக்குற என் லேப்டாப்ல போட்டுரவா"ன்னு கேட்டான். பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், போய்க்கிட்டே இருந்துச்சு, அதனால மொத்தமா எழுதிட்டேன். முந்தாநாள்தான் ஒரு அப்டேட் வந்து செஷனைக் கவுத்து விட்டுச்சு, அந்தக் கடுப்பும் இதுல இருக்கும், கண்டுக்காதீங்க.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். கீழ இருக்கிற அந்த ஃப்ரண்ட் பேனல் மாதிரி ஒன்னு இன்னிக்கு வரைக்கும் எதுலயும் எனக்கு அமையல. நடுவுல நாலு ஒர்க்ஸ்பேஸ் பட்டன், ரெண்டு பக்கமும் ஐக்கான், ஒவ்வொன்னுக்கும் மேல சின்ன அம்புக்குறி. அம்பை அமுக்கினா சப்பேனல் மேல எழும்பி நிக்கும், அதுல இன்ஸ்டால் ஐக்கான்னு ஒரு கட்டம், எதை இழுத்து அதுல போட்டாலும் அங்கயே ஒட்டிக்கும். ஆக்‌ஷன்னு ஒன்னு இருக்கு, அதுதான் எனக்கு உசுரு. உங்க ஸ்கிரிப்ட் ஒன்னுக்கு ஆக்‌ஷன் எழுதி ரீலோட் ஆக்‌ஷன்ஸ் குடுத்தா போதும், அது ஐக்கானா மாறிடும். நான் ஒரு ஸ்கிரிப்டை அப்படி வெச்சிருக்கேன், ஸ்கேன் பண்ண பில்லை எடுத்து அதுமேல போட்டா நேரா வீட்டு சர்வருக்குப் போயிரும், விண்டோ கூட திறக்காது. 90கள்ல இதை யோசிச்சிருக்காங்க பாருங்க. லேப்டாப் பழசுதான், ஆனா கிளிக் பண்ணா மெனு உடனே வந்து நிக்குது, அனிமேஷன் இல்ல, மூச்சு வாங்குறதில்ல.

சரி, இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். டூல்டாக்.

சிடிஇ-ல அப்ளிகேஷன்கள் ஒன்னோட ஒன்னு பேசிக்கிறது டூல்டாக் வழியா. லாகின் பண்ணதும் அதுக்குன்னு ஒரு செஷன் கிளம்பும், பைல் மேனேஜர், எடிட்டர், மெயில்னு கூட்டுக்குடும்பத்துல பெரியப்பாவைக் கேக்காம எதுவும் நடக்காதுங்கிற மாதிரி எல்லாம் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் அசையும். அந்தப் பெரியப்பா முதல்ல தேடுறது நம்ம மெஷினோட ஹோஸ்ட்நேமை, அதாவது நெட்வொர்க்ல அதுக்கு இருக்கிற பேரை. அதுக்கு ஒரு ஐபி கிடைக்கணும், அந்த ஐபி இந்த மெஷினையே காட்டணும். கிடைக்கலன்னா டெஸ்க்டாப் மெசேஜிங் சிஸ்டத்தை ஸ்டார்ட் பண்ண முடியலன்னு சாம்பல் கலர்ல ஒரு டப்பா, கீழ ஓகே பட்டன், அவ்வளவுதான். ஓகே அமுக்கினா திரும்ப லாகின் ஸ்கிரீன்.

டேபிள விட்டு நகராத ஒர்க்ஸ்டேஷன், ஆபீஸ் கேபிள், நிரந்தர ஐபின்னு இருந்த காலத்துக்கு இது சரி. லேப்டாப்பைத் தூக்கிட்டு வேற வைஃபைக்குப் போனா அங்க இருக்கிற ரூட்டர் குடுக்கிற பேரை நெட்வொர்க் மேனேஜர் ஹோஸ்ட்நேமா எடுத்துக்குது, முடிஞ்சுது கதை. ஹோஸ்ட்நேமை ஸ்டாட்டிக்கா (மாறாம) வெச்சு, எந்தப் பேருக்கு எந்த ஐபின்னு எழுதி வெக்கிற ஹோஸ்ட்ஸ் பைல்ல 127.0.0.1-க்கு (இந்த மெஷினையே குறிக்கிற ஐபி) நேரா அதே பேரை எழுதி வெச்சா இது சரியாகும், ஆனா அதோட விடல. எந்த சர்வீஸ் எந்த போர்ட்ல இருக்குன்னு மத்த புரோகிராம்களுக்குச் சொல்ற ஆர்பிசிபைண்ட் சர்வீஸை மைனஸ் ஐ (-i) போட்டு, அதாவது இன்செக்யூர் மோட்ல ஓட்டணும், இல்லன்னா காலண்டரும் டூல்டாக் டேட்டாபேஸ் சர்வரும் அதுல பதிஞ்சுக்க மாட்டேங்குது. டூல்டாக் சர்வர்ல இருந்த ஓட்டையைப் பத்தி 1998-லயே கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட் எச்சரிக்கை விட்டிருக்கு, அடுத்த வருஷம் காலண்டர் சர்வருக்கும் ஒன்னு. அந்த ஓட்டையெல்லாம் அடைச்சாச்சுதான், இருந்தாலும் டீக்கடை வைஃபைல ஆர்பிசிபைண்டோட 111 போர்ட்டைத் திறந்து வெச்சுட்டு யார் உக்காருவா, ஃபயர்வால்ல மூடிட்டுதான் உக்காரணும். இந்த மைனஸ் ஐ-யைதான் முந்தாநாள் அப்டேட் சத்தமில்லாம அழிச்சுட்டுப் போயிருக்கு.

சிடிஇ-யை லினக்ஸுக்கு போர்ட் பண்றவங்களைத் திட்ட மனசு வரல. 2012 ஆகஸ்ட்ல எல்ஜிபிஎல்-ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல சோர்ஸ் வந்தப்ப அவங்க கைக்குக் கிடைச்சது பாயின்டரும் இன்ட்டும் ஒரே சைஸ்னு நம்பி எழுதின பழைய சி கோடு. அதை 64 பிட்டுக்குக் கொண்டு வரணும், லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரியான கிளிப்சி 2.32-ல, டூல்டாக் நம்பி இருந்த சன் ஆர்பிசி-யையே தூக்கிட்டாங்க, அதனால அதுக்குப் பதிலான லிப்டிஆர்பிசி லைப்ரரிக்கு மாத்தணும், இமேக்-ங்கிற பழைய பில்ட் சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஆட்டோடூல்ஸ் கொண்டு வரணும். இதுல 2024-ல சி கம்பைலரான ஜிசிசி 14 வந்து, அதுவரைக்கும் வார்னிங்கா போய்க்கிட்டு இருந்த பழைய பழக்கத்தையெல்லாம் எர்ரர்னு சொல்லிருச்சு. இவ்வளவுக்கும் நடுவுல இது இன்னும் லினக்ஸ்லயும் ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டிலயும் பில்ட் ஆகுதுன்னா சம்பளம் இல்லாம யாரோ மல்லுக்கட்டுறாங்கன்னு அர்த்தம். ஆனா டூல்டாக்கைப் பிடுங்கி எறிய அவங்களாலயும் முடியாது, மொத்த வீடும் அந்தத் தூண் மேலதான் நிக்குது.

தமிழ் பைல் பேரெல்லாம் கேக்காதீங்க, என் மெஷின்ல குப்பையாதான் தெரியுது. 4கே மானிட்டர்ல எழுத்து எறும்பு சைஸ். லினக்ஸோட புது டிஸ்ப்ளே சிஸ்டமான வேலேண்டுக்கு வாய்ப்பே இல்ல.

மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு ரெண்டு. போன வாரம் கேட்டிருந்தா நாலு குடுத்திருப்பேன், அந்த ஆக்‌ஷன் ஒன்னுக்காகவே. அவனுக்கு என் பதில் இதுதான்: பாக்க அப்படி இருந்தா போதும்னா சிடிஇ மாதிரியே தோற்றம் குடுக்கிற என்எஸ்சிடிஇ போட்டுக்கோ, எஃப்விடபிள்யூஎம்-ங்கிற விண்டோ மேனேஜர் மேல ஓடுது, டூல்டாக்கே கிடையாது. அசல்தான் வேணும்னு அடம் பிடிச்சா, வீட்ல நகராம இருக்கிற டெஸ்க்டாப்ல போடு. லேப்டாப்லதான் போடுவேன்னா ஹோஸ்ட்ஸ் பைலை செக் பண்ணிட்டு அப்புறமா எனக்கு போன் பண்ணு, ராத்திரி பத்து மணிக்கு மேல எடுக்க மாட்டேன்.