தானே கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட்: படையிலிருந்து வந்தவன் கண்ணில்

பழைய செயின், கியர், பேரிங், கம்பித் துண்டு என்று கிடைப்பதையெல்லாம் பற்றவைத்துப் பறவைகள் செய்கிறேன். படையை விட்டு வந்த பிறகு பிடித்துக்கொண்ட வேலை இது. மருத்துவரிடம் போவதை இதற்காக நிறுத்தவில்லை. ஆனால் 2.5 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு, 80 ஆம்பியர் என்று உட்கார்ந்துவிட்டால், உருகும் இரும்பின் ஓரத்தைத் தவிர வேறெதிலும் மனம் போகாது.

முன்பு வைத்திருந்தது சாதாரண கறுப்புக் கண்ணாடி முகமூடி. இறக்கினால் முழு இருட்டு. ராடு நுனி எங்கே என்று தடவித் தடவி உரச வேண்டும், எந்த நொடியில் வெளிச்சம் வெடிக்கும் என்று தெரியாது. மற்றவர்களுக்கு அது நாலு நாளில் பழகிவிடும். எனக்குத் தோள் இறுகிவிடும். அடுத்த ராடை எடுக்கக் கை வராது.

இந்த ஹெல்மெட்டில் கண்ணாடி சும்மா இருக்கும்போது ஷேட் 4, கூலிங் கிளாஸ் போட்ட மாதிரிதான். ஷேட் எண் ஏற ஏறக் கறுப்பும் ஏறும். தொடப்போகும் இடத்தைப் பார்த்து, நானாக ஆர்க்கை, அதாவது ராடு நுனியில் எரியும் மின்சுடரை, தொடங்குகிறேன். 25,000-இல் ஒரு பங்கு விநாடியில் கறுத்துவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அதை யார் அளந்தார்கள்? என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அது போதும். நான் வைக்கும் ஆம்பியருக்கு ஷேட் 10 சரியாக இருக்கிறது.

பக்கவாட்டில் எதுவும் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் யாராவது வந்து நின்றால் ஆகாது என்கிறவர்கள் முதுகுக்குச் சுவர், எதிரே வாசல் இருக்கிற மாதிரி மேசையைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

பெரிய குறை, ஆர்க் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கறுக்க வைக்கும் சென்சாரில். இதில் இருப்பது இரண்டே. கேட், கிரில் போன்ற தட்டையான வேலையில் ஒரு சிக்கலும் வராது. சிலை அப்படியில்லை. பறவையின் இறக்கைக்கு அடியில் ராடை விட்டால், இறக்கையே சென்சாருக்கும் ஆர்க்குக்கும் நடுவில் வந்துவிடுகிறது. வேலை நடக்கும்போதே கண்ணாடி வெளிறி, வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. கறுக்காத நிலையிலும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், சரி. திடுக்கிடுவதை எது தடுக்கும்? எதற்காக இதை வாங்கினேனோ அதுவே போய்விடுகிறது. சென்சிடிவிட்டி திருகை முழுக்க ஏற்றியும், தலையைச் சாய்த்தும் ஓரளவுதான் சமாளிக்க முடிந்தது.

அப்புறம், இது புகையைத் தடுக்காது. துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்தால் அந்தப் புகையில் காய்ச்சலே வரும். அதை நான் சிலையில் சேர்ப்பதில்லை. கிரைண்டர் சத்தத்துக்குக் காது மூடி தனியாக வேண்டும்.

சிலை செய்ய வாங்குகிறவர்கள், அதிலும் என்னைப் போல வெளிச்சத்துக்குத் திடுக்கிடுகிறவர்கள், நான்கு சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நானும் அதற்குத்தான் மாறப்போகிறேன். இது பீடம் செய்ய இருக்கட்டும்.